சேவல் கொண்டையில் நட்ட மனிதப் பல்... எலும்புக்குப் பின்னால் ஓடிய ஜான் ஹன்ட்டரின் கதை!

மேல் தாடையில, கடைவாய்ப் பக்கம் ஒரு பல் போய் ரெண்டு மூணு வருஷம் ஆச்சுன்னு வைங்க. சிரிச்சா தெரியாது, அதனால நீங்களும் கண்டுக்கலை. இப்போ கையில கொஞ்சம் காசு சேர்ந்ததும், இம்ப்ளான்ட் வெச்சுக்கலாம்னு டென்டிஸ்ட்கிட்ட போறீங்க. அவர் ஸ்கேனைத் திருப்பிக் காட்டி, ஸ்க்ரூ நிக்கிற அளவுக்கு எலும்பு இல்லைங்கிறார். முதல்ல சைனஸ் லிஃப்ட், அதுக்குள்ள போன் கிராஃப்ட், அப்புறம் சில மாசம் காத்திருப்பு, அதுக்குப் பிறகுதான் இம்ப்ளான்ட். பில் தொகையைக் கேட்டதும் வலிக்காத பல்லும் வலிக்கும்.

வெளியே வந்து வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போது உங்களுக்கு ஒரு சந்தேகம் வரும். போனது பல்தானே, எலும்பு எங்கே போச்சு?

நியாயமான கேள்வி. இதே கேள்வியை 250 வருஷத்துக்கு முன்னாடி லண்டனில் ஒரு மனிதர் கேட்டார். கேட்டதோடு விடாமல் மண்டையோடுகளைச் சேகரித்து, அறுத்து, அடுக்கிப் பார்த்து பதிலும் எழுதி வைத்தார். பல்லைத் தாங்குகிற தாடையின் விளிம்பு எலும்பு தாடைக்குச் சொந்தமானதே இல்லை, அது பல்லுக்குச் சொந்தமானது என்பதுதான் அந்தப் பதில். பல் உருவாகும்போது அந்த எலும்பும் உருவாகிறது, பல் வளர வளர அதுவும் வளர்கிறது, பல் விழுந்தால் அதுவும் கரைந்து காணாமல் போகிறது. இன்றைக்கு உங்கள் டென்டிஸ்ட் ஸ்கேனில் காட்டுவது இதைத்தான்.

அந்த மனிதர் பெயர் ஜான் ஹன்ட்டர். நவீன அறுவை சிகிச்சையின் தந்தைகளில் ஒருவர் என்று புத்தகங்கள் கொண்டாடும். பிணத்திருடர்களின் பெரிய வாடிக்கையாளர் என்றும் அதே புத்தகங்கள் சொல்லும். ரெண்டுமே உண்மை. அதனால இவரை வெறும் ஹீரோவா எழுத எனக்கு மனசு வரலை. நடந்ததைச் சொல்றேன், நீங்களே முடிவு பண்ணிக்கோங்க.

ஸ்கூல் பிடிக்காத பையன்

1728 பிப்ரவரியில், ஸ்காட்லாந்தில் ஈஸ்ட் கில்பிரைட் பக்கத்தில் லாங் கால்டர்வுட் என்ற பண்ணை வீட்டில் பிறந்தார் ஜான். பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டி. புத்தகம் என்றாலே ஆகாது. மேகம் ஏன் இப்படிப் போகுது, இலை ஏன் கலர் மாறுது, எறும்பு என்ன செய்யுது என்று ஊரில் யாருக்கும் பதில் தெரியாத கேள்விகளைத் தூக்கிக்கொண்டு வயல்வெளியில் சுற்றுவார். 13 வயதில் அப்பா இறந்துபோனார். அதோடு படிப்பும் போனது. கிளாஸ்கோவில் மரச்சாமான் தொழில் செய்துகொண்டிருந்த அக்கா வீட்டுக்காரரிடம் கொஞ்ச நாள் வேலை பார்த்தார். உளி பிடிக்கப் பழகிய அந்தக் கைதான் பிறகு கத்தி பிடித்தது.

அண்ணன் வில்லியம் ஹன்ட்டர் இதற்கு நேர் எதிர். நன்றாகப் படித்து, லண்டனில் மகப்பேறு மருத்துவராகப் பெயர் வாங்கி, உடற்கூறு சொல்லித் தரும் பள்ளி ஒன்றையும் நடத்தினார். 1748-ல், 20 வயதில், ஜான் லண்டனுக்கு வந்து சேர்ந்தார். தம்பிக்கு என்ன வரும் என்று சோதிக்க, ஒரு கையைக் கொடுத்து தசைகளைப் பிரித்துக் காட்டச் சொன்னார் அண்ணன். ஆமாம், இறந்த ஒருவரின் கை. ஜான் செய்து காட்டியதைப் பார்த்து வில்லியமே அசந்துபோனார். அடுத்து, ரத்தக்குழாய்களில் வண்ண மெழுகு ஏற்றிய ஒரு கை. அதிலும் பாஸ். அன்று முதல் பன்னிரண்டு குளிர்காலங்கள் அந்தப் பள்ளியிலேயே கழிந்தன. ஏன் குளிர்காலம்? ஃப்ரிட்ஜ் இல்லாத காலம், பாஸ். வெயில் காலத்தில் உடல் தாங்காது.

அந்த உடல்கள் எங்கிருந்து வந்தன என்பதைத் தாண்டிப் போக முடியாது. தூக்குத் தண்டனை பெற்றவர்களின் உடல்களில் மிகச் சில மட்டுமே சட்டப்படி கிடைத்தன. மீதிக்கு, ராத்திரியில் புதைகுழியைத் தோண்டி உடலைத் தூக்கி வந்து விற்கும் ஆட்கள் இருந்தார்கள். அண்ணனின் பள்ளிக்காக அவர்களோடு பேரம் பேசி வாங்கும் வேலை தம்பியின் தலையில் விழுந்தது. புதைக்கப்பட்டது பெரும்பாலும் ஏழைகள். கனமான சவப்பெட்டி, காவல்காரர், கல்லறை என்று செலவழிக்க வசதி இல்லாதவர்கள்.

இடையில் 1755-ல் ஜானை ஆக்ஸ்ஃபோர்டில் சேர்த்துவிட்டார் வில்லியம். லத்தீனும் கிரேக்கமும் படித்து ஜென்டில்மேன் ஆகட்டும் என்று ஆசை. சில வாரங்களிலேயே ஓடி வந்துவிட்டார் ஜான்.

போரில் கற்றது

1760-ல் ராணுவ மருத்துவராகச் சேர்ந்தார். ஏழாண்டுப் போர் நடந்த நேரம். 1761-ல் பிரான்ஸ் கரையோரம் இருக்கும் பெல்-ஈல் தீவில் பிரிட்டிஷ் படை இறங்கியபோது இவரும் கூடப் போனார். அந்தக் காலத்து வழக்கம், குண்டு பாய்ந்த காயத்தைக் கத்தியால் இன்னும் பெரிதாகக் கிழித்து, விரல் விட்டு குண்டைத் தேடி எடுப்பது. பாய்ந்த குண்டை விட, தேடிய விரலால் செத்தவர்கள் அதிகமாக இருந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தத் தீவில், காயத்தோடு சில நாள் ஒளிந்துகிடந்து பிறகு பிடிபட்ட பிரெஞ்சு வீரர்களை ஹன்ட்டர் பார்த்தார். அவர்களுக்கு யாரும் எந்த சிகிச்சையும் செய்யவில்லை. ஆனால், மருத்துவர்கள் கிழித்துத் தேடிய வீரர்களை விட அவர்கள் மோசமாக இல்லை. நாம் தலையிடாமல் இருந்தாலே உடம்பு தன் வேலையைப் பார்க்குமோ? இந்த யோசனையை அவர் கடைசி வரை விடவில்லை.

1763-ல் ஊர் திரும்பினால், அண்ணன் பள்ளியில் இவர் இடத்தில் வேறு ஆள். பாதிச் சம்பளத்தில் ஒரு ராணுவ மருத்துவர், கையில் வேலை இல்லை. மரியாதையான சர்ஜன்கள் எட்டிக்கூடப் பார்க்காத ஒரு தொழிலுக்குப் போனார் ஹன்ட்டர். பல் வைத்தியம்.

பல்லுக்குள்ளே நுழைந்தார்

பல் பிடுங்குவது என்பது அன்றைக்கு முடி வெட்டுபவர், கொல்லர், சந்தையில் வித்தை காட்டுபவர் என்று யார் வேண்டுமானாலும் செய்த வேலை. அதில் கொஞ்சம் பெயரெடுத்த குடும்பம் லண்டனில் ஸ்பென்ஸ் குடும்பம். ஜேம்ஸ் ஸ்பென்ஸோடு சேர்ந்து சில வருஷம் வேலை பார்த்தார் ஹன்ட்டர். ஸ்பென்ஸ் பிடுங்குவார், இவர் கவனிப்பார்.

அப்போது லண்டன் பணக்காரர்களின் வாய் இருந்த நிலைமை உங்களுக்குத் தெரிந்தால்தான் அடுத்து வருவது புரியும். கரீபியன் தீவுகளில் அடிமைகளை வைத்து விளைவித்த கரும்பு, சர்க்கரையாகக் கப்பல் கப்பலாக வந்து இறங்கிக்கொண்டிருந்தது. டீயில் சர்க்கரை, கேக்கில் சர்க்கரை. வசதி உள்ளவர்களின் பல்தான் சீக்கிரம் சொத்தையானது. சர்க்கரை வாங்க முடியாத ஏழைப் பிள்ளைகளின் பல் பளிச்சென்று இருந்தது. இதில் ஒரு வியாபாரம் பிறக்காமல் இருக்குமா?

அதற்கு முன்னால், சேவல் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

உயிருள்ள ஒரு பாகத்தை எடுத்து இன்னொரு உயிரின் மேல் வைத்தால், அது அங்கே ஒட்டி வாழுமா? ஹன்ட்டருக்கு இது தீராத அரிப்பு. சேவலின் காலில் இருக்கும் முள்ளை எடுத்து அதன் கொண்டையில் வைத்தார், அது ஒட்டிக்கொண்டது. சேவலின் விதையை எடுத்து கோழியின் வயிற்றுக்குள் வைத்தார், அதுவும் ஒட்டியது. அடுத்து, அப்போதுதான் பிடுங்கிய ஒரு மனிதப் பல். சேவலின் கொண்டையில் ஆழமாகக் கீறி, அதற்குள் பல்லின் வேரைச் செருகி, நூலால் கட்டிவிட்டார்.

சில மாதம் அந்தச் சேவல் தலையில் மனிதப் பல்லோடு சுற்றித் திரிந்தது. பிறகு அதைக் கொன்று, தலையின் ரத்தக்குழாய்களில் மெழுகு ஏற்றி, பல்லோடு சேர்த்து இரண்டாகப் பிளந்து பார்த்தார். கொண்டையிலிருந்து ரத்தக்குழாய்கள் பல்லின் உள்ளே இருக்கும் கூழ் வரைக்கும் போயிருந்ததாகக் குறித்து வைத்தார். இதில் எனக்குப் பிடித்த விஷயம், இந்தச் சோதனையைப் பலமுறை செய்து ஒரே ஒரு தடவைதான் பலித்தது என்று அவரே வெளிப்படையாக எழுதியிருக்கிறார். தோற்றதை மறைக்கவில்லை. ஆனால், பலித்த அந்த ஒன்றை நம்பித்தான் மனிதர்களின் வாய்க்குள் இறங்கினார்.

1771-ல் மனிதப் பற்களைப் பற்றிய அவருடைய முதல் புத்தகம் வெளிவந்தது. பல் எப்படி உருவாகிறது, பால் பல் ஏன் விழுகிறது, எந்தப் பல் எந்த வேலைக்கு என்று படங்களோடு விளக்கிய நூல். வெட்டும் பல், கோரைப்பல், இரட்டை முனைப் பல், அரைக்கும் பல் என்று இன்றைக்கு பல் மருத்துவ மாணவர்கள் படிக்கும் பிரிவினைக்கு அடித்தளம் அங்கே இருக்கிறது. அதே வருஷம் ஆன் ஹோம் என்ற கவிஞரைக் கல்யாணம் செய்துகொண்டார். புத்தகத்தில் வந்த காசுதான் கல்யாணச் செலவுக்கு உதவியது என்பார்கள். இசைமேதை ஹைடனின் மெட்டுகளுக்குப் பாட்டு எழுதியவர் ஆன். அந்த வீட்டில் ஒரு பக்கம் பாட்டுக் கச்சேரி, இன்னொரு பக்கம் பிணம் அறுக்கும் மேசை. பாவம் அந்தம்மா.

1778-ல் இரண்டாவது புத்தகம், பல் நோய்களைப் பற்றியது. நம்ம சைனஸ் விஷயம் இதில் வருகிறது. மேல் தாடையின் கடைவாய்ப் பற்களுக்கு மேலே, கன்னத்து எலும்புக்குள் காற்று நிறைந்த ஓர் அறை இருக்கிறது. நத்தானியேல் ஹைமோர் என்ற ஆங்கில மருத்துவர் 1651-ல் அதை விரிவாக வரைந்து காட்டியதால், ரொம்ப காலம் அவர் பெயரிலேயே அழைத்தார்கள். அந்த அறையில் சீழ் கட்டினால் என்ன செய்வது என்று ஹன்ட்டர் எழுதினார். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, வேர் இருந்த குழி வழியாகவே துளை போட்டு சீழை வடித்துவிடலாம். பல்லின் வேருக்கும் சைனஸுக்கும் நடுவில் இருப்பது அவ்வளவு மெல்லிய எலும்பு. இந்த மெல்லிய தளம்தான் இன்றைக்கு இம்ப்ளான்ட் வைப்பவர்களுக்குத் தலைவலி. பல் போனால் கீழேயிருந்து எலும்பு கரைகிறது. மேலேயிருந்து சைனஸ் அறை காலி இடத்தைப் பார்த்துக் கீழே இறங்குகிறது. ரெண்டு பக்கமும் அரித்த கதை.

இன்னொன்றும் அந்தப் புத்தகத்தில் உண்டு. வலிக்கும் பல்லைப் பிடுங்கி, கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுத்து, திரும்ப அதே குழியில் வைத்துவிடலாம் என்கிறார். பல்லுக்குள் இருக்கும் நரம்பு செத்துவிடும், வலி போய்விடும், பல் மட்டும் நிற்கும் என்பது கணக்கு. கேட்கவே கூசுது இல்ல?

வரிசையில் நின்ற பிள்ளைகள்

இப்போது அந்த வியாபாரத்துக்கு வருவோம்.

ஒரு சீமாட்டிக்கு முன்பல் சொத்தை. பல் வைத்தியர் வீட்டில் அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில், காசுக்காகப் பல் கொடுக்க வந்த ஏழைச் சிறுவர்கள், சிறுமிகள். சீமாட்டியின் சொத்தைப் பல்லைப் பிடுங்கியதும், ஒரு பிள்ளையின் நல்ல பல்லைப் பிடுங்கி, சூடு ஆறுவதற்குள் அந்தக் குழியில் வைத்து, பக்கத்துப் பற்களோடு பட்டு நூலால் கட்டிவிடுவார்கள். முதல் பிள்ளையின் பல் பொருந்தாமல் போனால்? அதற்குத்தான் ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்களைத் தயாராக வைத்துக்கொள்ளச் சொன்னார் ஹன்ட்டர். பொருந்தாத பல்லை இழந்த பிள்ளைக்குத் திரும்ப என்ன கிடைக்கும் என்பதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. மயக்க மருந்து வர இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சிகிச்சையை ஹன்ட்டர் கண்டுபிடிக்கவில்லை. பிரான்ஸில் அவருக்கு முன்பே செய்தார்கள். ஆனால், சேவல் கொண்டைச் சோதனையும் அவர் பெயரும் சேர்ந்து அதற்கு அறிவியல் முத்திரை குத்தின. லண்டனில் ஃபேஷன் ஆகிவிட்டது. 1787-ல் தாமஸ் ரோலண்ட்ஸன் வரைந்த ஒரு கேலிச் சித்திரத்தை நெட்டில் தேடிப் பாருங்கள். புகைபோக்கி சுத்தம் செய்யும் கரி அப்பிய சிறுவனின் வாயிலிருந்து பல்லைப் பிடுங்குகிறார்கள், பக்கத்தில் பட்டுடை போட்ட பெண் மூக்குக்கு எதையோ பிடித்தபடி காத்திருக்கிறார். வாசல் பக்கம், காசை வாங்கிக்கொண்டு கன்னத்தைப் பொத்தியபடி போகும் பிள்ளைகள். சிரிக்க வரைந்த படம்தான். எனக்கு சிரிப்பு வரலை.

அப்படி வைத்த பல் எவ்வளவு காலம் நின்றது? சிலருக்கு மாதக் கணக்கு, அதிர்ஷ்டம் இருந்தால் சில வருஷம். அந்நியப் பல்லின் வேரை உடம்பு மெதுமெதுவாகக் கரைத்து, கடைசியில் வெளியே தள்ளிவிடும். வேறொருவரின் உறுப்பை உடம்பு ஏன் ஏற்காது என்ற விளக்கம் 20-ம் நூற்றாண்டில்தான் வந்தது. ஹன்ட்டருக்கு அது தெரிய வழியே இல்லை.

ஆனால், தெரிந்துகொண்டிருக்க வேண்டிய ஒன்றும் இருந்தது. 1780-களில், பல் மாற்றிக்கொண்ட சிலருக்கு வாயில் புண், உடம்பெங்கும் கொப்புளம் என்று சிஃபிலிஸ் போன்ற நோய் வந்ததாக மருத்துவர்கள் எழுத ஆரம்பித்தார்கள். ஓர் இளம்பெண் இறந்தே போனார். அது பால்வினை நோயே இல்லை என்று வாதாடினார் ஹன்ட்டர். இந்த நோய் விஷயத்தில் அவர் ஏற்கெனவே ஒரு பெரிய தப்பு செய்திருந்தார். 1767-ல், கொனோரியா நோயாளியின் சீழை எடுத்து இன்னொரு உடம்பில் ஏற்றிப் பார்த்தார். அது அவருடைய சொந்த உடம்புதான் என்று பலர் நம்புகிறார்கள், இல்லை என்பவர்களும் உண்டு. அந்த நோயாளிக்கு சிஃபிலிஸும் சேர்ந்தே இருந்திருக்க வேண்டும். ரெண்டு நோயின் அறிகுறியும் வந்ததைப் பார்த்து, ரெண்டும் ஒரே நோய் என்று முடிவு கட்டிவிட்டார். அவர் பெயருக்கு இருந்த மரியாதையால் அந்தத் தப்பு பல பத்தாண்டுகள் பாடமாக நின்றது.

நோய் பயம் பரவியதும் பல் மாற்று ஃபேஷன் மெல்ல அடங்கியது. பிள்ளைகளின் மேல் இரக்கம் வந்து நிற்கவில்லை, பணக்காரர்களுக்கு நோய் வந்ததால்தான் நின்றது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பன்றிக்குட்டி, சிவப்புச் சாயம், ஈயக் குண்டு

ஹன்ட்டர் செய்ததில் இன்றைய போன் கிராஃப்ட்டுக்கு ரொம்ப நெருக்கமானது எலும்புச் சோதனைகள்தான். மஞ்சிட்டி வகைச் செடியின் வேரைத் தீவனத்தில் கலந்து பன்றிகளுக்குக் கொடுத்தார். அந்த வேரில் சிவப்புச் சாயம் உண்டு. அதைத் தின்ற காலத்தில் புதிதாக உருவாகும் எலும்பு சிவப்பாகிவிடும், நிறுத்தினால் அடுத்து வளர்வது வெள்ளையாக இருக்கும். பிரான்ஸில் துஹாமெல் என்பவர் இதை முன்பே செய்திருந்தார். ஹன்ட்டர் கூடுதலாக ஒன்று கவனித்தார். எலும்பு வெளிப்பக்கம் சேர்ந்துகொண்டே போகும்போது, உள்பக்கம் கரைந்துகொண்டும் இருக்கிறது. ஒரு பக்கம் கட்டுமானம், இன்னொரு பக்கம் இடிப்பு வேலை. வேறொரு சோதனையில், இளம் பன்றியின் கால் எலும்பில் இரண்டு துளை போட்டு ஈயக் குண்டுகளை வைத்தார். கால் நீளமாக வளர்ந்த பிறகும் குண்டுகளுக்கு நடுவில் இருந்த தூரம் மாறவே இல்லை. எலும்பு நடுவில் இழுபட்டு நீள்வதில்லை, முனைகளில் வளர்கிறது.

எலும்பு என்றால் செத்த கல் மாதிரி ஒன்று என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, அது சதா இடிந்து கட்டப்படும் உயிருள்ள பொருள் என்று காட்டியது பெரிய விஷயம். உங்களுக்கு சைனஸில் வைக்கும் கிராஃப்ட்டின் சூட்சுமமே இதுதான்.

கன்னத்து எலும்பில் பக்கவாட்டில் சின்ன ஜன்னல் திறப்பார்கள். சைனஸை உள்ளே போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வைக் கிழியாமல் மேலே தூக்குவார்கள். முட்டை ஓட்டுக்கு உள்ளே இருக்கும் தோல் மாதிரி இருக்கும் அது. தூக்கிய இடத்தில் குருணை மாதிரியான எலும்புப் பொருளை நிரப்புவார்கள். அமெரிக்காவில் ஹில்ட் டேட்டம் 1970-களில் இந்த வழியைச் செய்ய ஆரம்பித்தார், 1980-ல் பாய்ன், ஜேம்ஸ் என்ற இருவர் இதைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார்கள்.

அந்தக் குருணை என்ன தெரியுமா? உங்கள் முகவாயிலிருந்தோ, கடைவாய்க்குப் பின்னாலிருந்தோ, இடுப்பிலிருந்தோ சுரண்டி எடுத்த சொந்த எலும்பாக இருக்கலாம். உயிருள்ள செல்களோடு வருவதால் அதற்கு மவுசு அதிகம், ஆனால் இன்னொரு இடத்திலும் காயம், அளவும் குறைவு, சீக்கிரம் கரையவும் செய்யும். இறந்த பிறகு தானம் செய்தவர்களின் எலும்பைச் சுத்திகரித்து, நோய்ப் பரிசோதனை செய்து, பொடியாக்கித் தருவதும் உண்டு. மாட்டு எலும்பிலிருந்து புரதம், கொழுப்பு எல்லாம் நீக்கி, தாதுச் சட்டத்தை மட்டும் எடுத்துக்கொள்வது இன்னொன்று. சைனஸில் அதிகமாகப் பயன்படுவதில் இதுவும் ஒன்று, காரணம் அது மெதுவாகக் கரையும், இடம் சுருங்காமல் பார்த்துக்கொள்ளும். விலங்குப் பொருள் வேண்டாம் என்பவர்களுக்கு கால்சியம் பாஸ்பேட் வகைச் செயற்கைப் பொருள்களும் இருக்கின்றன. இதையும் அதையும் கலந்து வைக்கும் டாக்டர்களும் நிறைய. மத நம்பிக்கை, உணவுப் பழக்கம் காரணமாக உங்களுக்கு இது முக்கியம் என்றால், நாற்காலியில் படுப்பதற்கு முன்பே எது வைக்கிறீங்கன்னு கேட்டுடுங்க. கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

எதை வைத்தாலும், அது சாரம் கட்டுவது மாதிரிதான். சுற்றியுள்ள உங்கள் எலும்பிலிருந்து ரத்தக்குழாய்கள் அதற்குள் புகுந்தால்தான் புது எலும்பு உருவாகும். அதற்குத்தான் அந்த மாதக் கணக்கு காத்திருப்பு, பல நேரம் நான்கிலிருந்து ஒன்பது மாதம் வரை. சிகரெட் பிடிப்பவர்களை நிறுத்தச் சொல்வதும் இதனால்தான், புகை அந்த ரத்த ஓட்டத்தைக் கெடுக்கும். சேவல் கொண்டையைப் பிளந்து ஹன்ட்டர் தேடியதும் இதைத்தானே, ரத்தக்குழாய் உள்ளே போயிருக்கா என்று.

பல்லையே நடுவதை விட்டுவிட்டு, உடம்பு எதிர்க்காத ஓர் உலோகத்தை எலும்பு தானாகவே இறுகப் பிடித்துக்கொள்ளும் என்பதை 1950-களில் ஸ்வீடனில் பிரோனமார்க் முயல்களின் எலும்பில் டைட்டானியம் வைத்தபோது கவனித்தார். 1965-ல் முதல் மனித நோயாளிக்கு வைத்தார். ஹன்ட்டர் காலத்துப் பிள்ளைகளின் பல் செய்ய முடியாததை ஒரு ஸ்க்ரூ செய்தது.

உயரமான மனிதர், குள்ளமான டாக்டர்

ஹன்ட்டர் குள்ளம், செம்பட்டை முடி, சட்டென்று கோபம் வரும். ராத்திரி நாலு மணி நேரம்தான் தூக்கம், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மணி நேரம். 1767-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1768-ல் செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் சர்ஜன். ஏர்ல்ஸ் கோர்ட்டில் இருந்த அவர் தோட்ட வீடு ஒரு மிருகக்காட்சி சாலை. ஒருமுறை இரண்டு சிறுத்தைகள் கட்டை அறுத்துக்கொண்டு நாய்களோடு சண்டை போட, வெறுங்கையால் ரெண்டையும் பிடித்துக் கூண்டில் அடைத்தார். செய்த காரியம் புரிந்ததும் நடுங்கி மயங்கிவிட்டார். பெரியம்மை தடுப்பூசி கண்ட எட்வர்ட் ஜென்னர் இவர் வீட்டில் தங்கிப் படித்த மாணவர். ஊருக்குப் போன பிறகும் ஜென்னரை விடவில்லை, முள்ளெலிகளின் உடல் சூட்டை அளந்து அனுப்பச் சொல்லிக் கடிதத்துக்கு மேல் கடிதம். 1785-ல், முழங்காலுக்குப் பின்னால் ரத்தக்குழாய் வீங்கிய ஒரு குதிரைவண்டிக்காரரின் காலை வெட்டாமல், தொடையில் குழாயைக் கட்டியே காப்பாற்றினார். அவர் நடந்தே வீட்டுக்குப் போனார்.

இதெல்லாம் பெருமை. சார்ல்ஸ் பைர்ன் விஷயம் அப்படி இல்லை.

பைர்ன் அயர்லாந்துக்காரர், ஏழரை அடிக்கும் மேல் உயரம். லண்டனில் காசு வாங்கிக்கொண்டு தன்னைக் காட்டிப் பிழைத்தார். தான் செத்ததும் டாக்டர்கள் உடலைத் தூக்கிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். ஈயப் பெட்டியில் வைத்து கடலில் இறக்கிவிடும்படி நண்பர்களிடம் கேட்டுக்கொண்டு, 1783-ல் 22 வயதில் இறந்தார். கடலுக்குப் போகும் வழியிலேயே உடல் கைமாறியது. ஹன்ட்டர் 500 பவுண்ட் கொடுத்ததாகச் சொல்வார்கள். உடலைக் கொதிக்க வைத்து எலும்பை மட்டும் எடுத்தார். சில வருஷம் யாருக்கும் காட்டவில்லை. பிறகு, ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த ஹன்ட்டரின் ஓவியத்தில் மேல் மூலையில் அந்தக் கால்கள் தொங்கின. இறக்கும் மனிதன் ஒன்றே ஒன்று கேட்டான், அதையும் கொடுக்கவில்லை. எலும்பைப் பற்றி அவ்வளவு தெரிந்தவருக்கு, அந்த எலும்பு ஒருவருடையது என்பது மட்டும் உறைக்கவே இல்லை.

1773-லிருந்தே ஹன்ட்டருக்கு நெஞ்சுவலி. கோபம் வந்தால் வலி வரும். தன்னை எரிச்சலூட்ட நினைக்கும் எவன் கையிலும் தன் உயிர் இருக்கிறது என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். 1793 அக்டோபர் 16-ம் தேதி அது நடந்தது. செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் நிர்வாகக் கூட்டம். முறையான படிப்பு இல்லாத இரண்டு ஸ்காட்லாந்து இளைஞர்களை மாணவர்களாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று இவர் பேசப் போனார். தானும் அப்படி வந்தவர்தானே. ஒருவர் மறுத்துப் பேசினார். ஹன்ட்டர் பேச்சை நிறுத்தி, பக்கத்து அறைக்கு நடந்தார், சாய்ந்தார், முடிந்தது. வயது 65. உடலை அறுத்துப் பார்த்தார்கள். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் எலும்பு மாதிரி இறுகிக் கிடந்தன.

சேர்த்து வைத்திருந்தது சுமார் 14,000 மாதிரிகள், கூடவே கடன். 1799-ல் அரசாங்கம் 15,000 பவுண்டுக்கு அதை வாங்கி சர்ஜன்களின் அமைப்பிடம் ஒப்படைத்தது. அவருடைய குறிப்பேடுகளை மைத்துனர் எவரார்ட் ஹோம் எடுத்துவைத்துக்கொண்டு, அதிலிருந்து தன் பெயரில் கட்டுரைகளை எழுதித் தள்ளினார், 1823-ல் குறிப்புகளை எரித்தும்விட்டார். சம்பளம் குறைவு என்றாலும் சேகரிப்பைக் காவல் காத்த உதவியாளர் வில்லியம் கிளிஃப்ட் ரகசியமாகப் பிரதி எடுத்து வைத்ததால்தான் ஒரு பகுதியாவது தப்பியது. 1941-ல் ஜெர்மன் குண்டுவீச்சில் மாதிரிகளில் பெரும்பகுதி அழிந்தது.

ஹன்ட்டரின் சொந்த எலும்புக்கும் அமைதி கிடைக்கவில்லை. செயின்ட் மார்ட்டின் தேவாலய நிலவறையில் வைத்த அவர் பெட்டியை, 1859-ல் ஃபிராங்க் பக்லண்ட் என்பவர் ஆயிரக்கணக்கான சவப்பெட்டிகளுக்கு நடுவே நாள்கணக்கில் தேடிக் கண்டுபிடித்தார். அங்கிருந்து வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கு மரியாதையோடு மாற்றினார்கள்.

லண்டனில் அவர் பெயரில் இருக்கும் ஹன்ட்டேரியன் அருங்காட்சியகம் சில வருஷம் பூட்டியிருந்து 2023-ல் மறுபடி திறந்தது. இருநூறு வருஷமாகக் காட்சிக்கு நின்ற சார்ல்ஸ் பைர்னின் எலும்புக்கூடு இப்போது அங்கே காட்சியில் இல்லை. இன்னும் கடலுக்கும் போகவில்லை, அருங்காட்சியகமே வைத்திருக்கிறது. சேகரிப்பில் அந்தச் சேவலின் தலையும் இருக்கிறது. கண்ணாடிக் குடுவையில், திரவத்துக்குள், நடுவில் பிளந்தபடி. கொண்டையில் பல் அப்படியே நிற்கிறது. அது யாருடைய வாயிலிருந்து வந்தது என்று எந்தக் குறிப்பும் இல்லை.